மாப்பிள்ளைத் தாடி

அய்யப்பன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பகுத்தறிவு பேசினான். அது அவன் மனைவி சரிதாவுக்கு ஐந்தாம் மாதம் பிறந்த அன்று.

மாமியார் அன்னக்கிளி வீராம்பட்டினத்திலிருந்து பஸ் மாறி மூலக்குளத்துக்கு வந்திருந்தாள். கூடையில் சங்கராவும் நெத்திலியும் இருந்தன. மீனை மகளிடம் கொடுத்துவிட்டு மருமகனைப் பார்த்துச் சொன்னாள்.

"மாப்ள, இனிமே கத்தி படக் கூடாது. தலையிலயும் சரி, மொகத்துலயும் சரி. கொழந்த பொறக்குற வரைக்கும்."

"அதெல்லாம் அந்தக் காலம் அத்தை. நான் சவரம் பண்ணா வயித்துல இருக்குற கொழந்தைக்கு இன்னா ஆவப் போவுது? சயின்ஸ் படி பார்த்தா…"

"சயின்ஸ் படியே வளரட்டும், வுடுங்க."

அதோடு பேச்சு முடிந்தது. வாஷ்பேசின் மேலிருந்த ரேசரை அவளே எடுத்து மீன் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அய்யப்பனுக்கு வயது முப்பத்தொன்று. தலைமுடி கறுப்பு. மீசை கறுப்பு. தாடி மட்டும் வெள்ளை. இது அவனுக்கும் அவனைப் பெற்ற பச்சையம்மாளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சரிதா எழுவதற்கு முன்பே எழுந்து சவரம் செய்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமையும் செய்வான். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், ஒரு கையில் டிரிப்ஸ் ஏற, மறு கையால் சவரம் செய்தான். "எங்க வூட்டுக்காரர் மாதிரி சுத்தமான ஆள் கெடையாது" என்று சரிதா தெரு முழுக்கப் பெருமையாகச் சொன்னாள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. அன்னக்கிளியின் அக்கா மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வாய்த்தான். வயதைக் குறைத்துச் சொல்லிக் கட்டிவிட்டார்கள். கல்யாணமான மறு மாதமே சாயம் போய் உண்மை தெரிந்தது. அதனால் அய்யப்பன் பெண் பார்க்க வந்த அன்று அன்னக்கிளி நகை பற்றிக் கேட்கவில்லை, வேலை பற்றிக் கேட்கவில்லை. "பையனுக்கு நரை இருக்குதா?" என்று கேட்டாள். பச்சையம்மாள் எழுந்து நின்று, "செங்கழுநீரம்மன் மேல சத்தியமா, எங்க வூட்டுல நரைங்குற பேச்சே கெடையாது" என்றாள். அவள் புருஷன் முருகையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தலையில் முடியே கிடையாது. எனவே சாட்சியும் இல்லை.

ரேசர் போன முதல் வாரம் முகத்தில் உப்பு தூவியதுபோல் இருந்தது. பவுடர் என்றான். இரண்டாம் வாரம் சாயப் பொட்டலம் வாங்கிவந்து கலக்கினான். அந்த வாடைக்குச் சரிதா வாந்தியெடுத்தாள். கொல்லையில் கொட்டிவிட்டான். மூன்றாம் வாரம் அன்னக்கிளி வஞ்சிரத்துண்டோடு வந்தபோது மோவாயில் வெள்ளை வெளேரென்று ஒரு கொத்து முளைத்திருந்தது. காதோரம் மட்டும் கொஞ்சம் கறுப்பு.

அன்னக்கிளி கூடையை இறக்க மறந்து நின்றாள்.

"இன்னா மாப்ள இது?"

"டென்ஷன் அத்தை," என்றான் அய்யப்பன்.

யோசித்துச் சொன்னதில்லை. சேதராப்பட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் எதற்கும் அதுதான் பதில். லேட்டாக வந்தாலும் டென்ஷன், சீக்கிரம் போனாலும் டென்ஷன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல் எந்த வீட்டில் போய் விழுகிறது என்பதை நினைக்கவில்லை.

அன்னக்கிளிக்கு முப்பது வயதிலேயே தலை வெளுத்துவிட்டது. புருஷன் கோவிந்தராசுதான் காரணம் என்பது அவள் கட்சி. புயல் என்று ரேடியோவில் சொன்ன அன்று கடலுக்குப் போனார். இரண்டு வலையை அறுத்துக்கொண்டு வந்தார். தேர்தலில் ஒரு தடவை சுயேச்சையாக நின்றார். ஒவ்வொன்றுக்கும் தலையில் ஓர் இடத்தைக் காட்டுவாள். "இது வலை. இது எலெக்‌ஷன்." கோவிந்தராசுவுக்கு அறுபது தாண்டியும் முடி கன்னங்கரேலென்று இருந்தது. அதையும் அவள் சாட்சியாகவே சேர்த்துக்கொண்டாள். "கவலையெல்லாம் நான் பட்டுட்டேன். அந்தாளுக்கு எப்படி நரைக்கும்?"

ஆகவே அவள் மாப்பிள்ளையின் பேச்சை ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. கண் கலங்கியது.

"இன்னா டென்ஷன் மாப்ள? சொல்லுங்க. நான் பட்டவ. எனக்குத் தெரியும்."

"கம்பெனிலதான் அத்தை."

"மேலதிகாரி கொடுமையா?"

"ம்," என்றான் அய்யப்பன்.

அடுத்த நாள் மதியம் கம்பெனி வாசலிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "யாரோ ஒரு அம்மா, மீன் வாசனையோட வந்திருக்காங்க. உள்ள வுடலாமா?"

அய்யப்பன் ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்ட் இன்சார்ஜ் தெய்வநாயகம் வெளியே வந்திருந்தார். அன்னக்கிளி அவர் கையில் டிபன் கேரியரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, வறுத்த வஞ்சிரம். காலைல எறங்கின மீனு. என் மாப்ளைக்குக் கொஞ்சம் வேலைய கொறைச்சிக் குடுங்க. தாடியப் பாருங்க. முப்பது வயசுல இந்தக் கோலமா?"

தெய்வநாயகம் தாடியைப் பார்த்தார். அய்யப்பனைப் பார்த்தார்.

"இதுக்கு மேல எப்படிம்மா கொறைக்கிறது? பாட்டில் மூடி செய்யற மெஷின் அது. இவர் எதிர்ல உக்காந்திருப்பார். மெஷின் நின்னா எங்களுக்குச் சொல்லணும். அவ்ளோதான் வேலை."

"நின்னா டென்ஷன் ஆவுமில்ல?"

"நிக்கறதே இல்லம்மா. ஜப்பான் மெஷின். போன தீபாவளிக்கு ஒரு தடவை நின்னுது. அன்னிக்கு இவர் லீவு."

அன்னக்கிளி மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். இரக்கம் இன்னும் கூடியிருந்தது. தெய்வநாயகம் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அய்யப்பன் அவளைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டான். பஸ் வந்ததும் சொன்னாள். "புரியுது மாப்ள. கம்பெனி இல்ல. வெளில சொல்ல முடியாது. சொல்லவும் வேணாம்."

அன்று சாயங்காலம் மூலக்குளம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"இன்னாடி பண்ண அந்தப் புள்ளைய?"

"நான் இன்னாம்மா பண்ணேன்?" என்றாள் சரிதா. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில ஒரு கவலையும் கெடையாது. போய்க் கேட்டுட்டேன். கம்பெனி இல்லன்னா வூடுதான். வூட்ல நீ ஒருத்திதான்."

"அதுக்கு?"

"கோவம் வந்தா பேசாம இருப்பியே, நாலு நாள், அஞ்சு நாள். எனக்குத் தெரியாதா? உங்கப்பன் புத்தி உனக்கு. மூணு வருசத்துல ஒரு மனுசன வெளுக்க வெச்சிட்டியேடி."

மறு வாரத்துக்குள் பெரிய மார்க்கெட்டில் அன்னக்கிளியோடு மீன் விற்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அய்யப்பன் அந்தப் பக்கம் போனால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "அன்னக்கிளி மாப்ள. பாவம்." ஒருத்தி இரண்டு வவ்வால் மீனை அள்ளிப் பையில் போட்டாள். இன்னொருத்தி பெரிய இறாலாகப் பொறுக்கிக் கொடுத்தாள். "தின்னுங்க மாப்ள, ஒடம்ப வுட்டுடாதீங்க." அய்யப்பன் வேண்டாம் என்றுதான் சொன்னான். ஆனால் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

சரிதா அந்த இறாலைச் சமைக்கவில்லை. பாத்திரத்தோடு எடுத்துப்போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு பேசுவதை நிறுத்தினாள். நாலு நாள் பேசவில்லை. அய்யப்பன் அதை மாமியாரிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

ஏழாம் மாதச் செக்கப்புக்கு மூவரும் போனார்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண். வகிட்டுக்கு இருபுறமும் நரை ஓடியது, அதை மறைக்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னார். அன்னக்கிளி எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, கவலையில நரைக்குமா?"

டாக்டர் அய்யப்பனின் தாடியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். "பெரும்பாலும் பரம்பரைம்மா. அப்பா அம்மா வழியில வரும்."

"பார்த்தியா," என்றாள் சரிதா.

"அவங்க பரம்பரையிலதான் இல்லியே. சத்தியம் பண்ணாங்களே," என்றாள் அன்னக்கிளி. "கவலையில நரைக்கவே நரைக்காதா டாக்டரம்மா?"

"அப்படியும் சொல்ல முடியாது. எலிய வெச்சி சோதனை பண்ணியிருக்காங்க. ரொம்பத் தொந்தரவு குடுத்தா எலிக்கு முடி வெளுக்குது. மனுசங்களுக்கும் ஓரளவு இருக்கலாம். இன்னும் முழுசா தெரியல."

அன்னக்கிளிக்கு அது போதும். ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தாள். "எலிக்கே நரைக்குதாம். எலிக்கு இன்னா, குடும்பமா குட்டியா? இந்தப் புள்ளைக்கு நரைக்காதா?"

"அந்த எலிக்குப் பொண்டாட்டி இருந்துச்சான்னு கேட்டியா?" என்றாள் சரிதா.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் தாடியைப் பார்த்தார். "உண்மைதான்மா," என்றார் அவர். "எனக்கும் கல்யாணத்துக்கு அப்புறந்தான்."

வீட்டுக்கு வந்து, அம்மா பஸ் ஏறிய பிறகு, சரிதா கதவைச் சாத்தினாள். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க. யாரு அவ?"

"எவ?"

"கம்பெனில கவலை இல்ல. என்னாலயும் இல்லன்னு எனக்குத் தெரியும். வேற யாரோ இருக்கணும் இல்ல? இவ்ளோ வெளுக்குற அளவுக்கு ஒருத்தி."

அய்யப்பன் தரையில் உட்கார்ந்தான். இப்படியொரு வழியும் அந்தச் சொல்லுக்கு இருக்கும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"யாரும் இல்ல சரிதா. இருவத்திரண்டு வயசுலயே நரைச்சிடுச்சு. தாடி மட்டும். டென்ஷன்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னா டென்ஷன்?"

அவள் தாடியை உற்றுப் பார்த்தாள்.

"டெங்கு வந்து படுத்தப்ப சவரம் பண்ணீங்களே."

"ஆமா."

"அதுக்குத்தானா?"

"ஆமா."

"நான் அத தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே," என்றாள். அழுவாள் என்று நினைத்தான். முறைத்தாள். "நரைச்சிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"உங்கம்மா சொல்லியிருப்பாங்க."

 சரிதா தீர்ப்பைச் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமை வளைகாப்பு. மார்க்கெட்டே கெளம்பி வரும். எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க, உங்க தாடியப் பார்ப்பாங்க. அங்க எல்லார் முன்னாடியும் நீங்க சொல்றீங்க. சொல்லலன்னா ஒரு வளையல் கூட நான் போட்டுக்க மாட்டேன். அம்மா வூட்டுக்கும் போக மாட்டேன். கெட்ட பேரோட போய் நான் அங்க புள்ள பெத்துக்கணுமா?"

அய்யப்பன் அம்மாவுக்குப் போன் செய்தான்.

"ஐயோ, சொல்லிடாதடா," என்றாள் பச்சையம்மாள். "அம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன். இப்ப மாத்தி சொன்னா அம்மன் சும்மா வுடுமா?"

"பொய் சத்தியம் பண்ணப்ப சும்மாதானம்மா வுட்டுச்சு."

"அப்ப கவனிக்கல. கோயில்ல திருவிழாக் கூட்டம். இப்ப நாமளே எடுத்துச் சொன்னா கவனிச்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தட்டு வரிசை, பூ, அட்டைப்பெட்டியில் கண்ணாடி வளையல். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து அண்டாக்கள். கூடத்தில் மணை போட்டிருந்தார்கள். சரிதா சிவப்புப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் பட்டுக்குப் பொருந்தவில்லை. முதல் வளையலோடு ஓர் அத்தை வந்தபோது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

அய்யப்பன் முன்னால் வந்தான். வேட்டியைச் சரிசெய்தான். தொண்டையைச் செருமினான்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். இந்த நரை சரிதாவால வந்தது இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குது. நான்தான் மறைச்சேன்."

 சுவரோரம் இருந்த ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"பாருடி. பொண்டாட்டிய எப்படித் தாங்குறான் பாரு."

"பழிய தன் தலையில போட்டுக்குது."

"சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கா. அந்தப் பொண்ணு மொறைக்குது பாரு."

"நெசமாத்தாங்க," என்றான் அய்யப்பன். "அம்மா, நீயாவது சொல்லு."

எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் புளிசாதத் தட்டோடு அசையாமல் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. கல்யாணம் வரைக்கும் என் புள்ள மொகம் வழுவழுன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க பாடு."

சரிதா மணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள். வயிறு விடவில்லை. அன்னக்கிளி மகளைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு நேராகச் சம்பந்தி முன்னால் போய் நின்றாள். இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"சம்பந்தி, நான் பெத்தது சரியில்ல. உங்க புள்ளைய இப்படிப் பண்ணிட்டா. அதுக்கு நான்தான் பரிகாரம் செய்யணும். கொழந்த பொறந்து மூணாம் மாசம் கொண்டாந்து வுடுறது வழக்கம். நான் வுடல. ரெண்டு வருசம் எங்க வூட்லயே இருக்கட்டும். மாப்ள இங்க நிம்மதியா இருக்கட்டும். தாடி திரும்பக் கறுத்ததும் சொல்லி அனுப்புங்க. அப்ப கொண்டாந்து வுடறேன்."

 சரிதாவின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்திருந்தது. அவள் அய்யப்பனைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமா?" என்றாள் பச்சையம்மாள்.

"ஆவும் சம்பந்தி. முடி ஒரு நாள்ல கறுக்குமா?"

"கொழந்த?"

"பால் குடிக்கிற புள்ளைய தாய்கிட்டருந்து பிரிக்க முடியுமா? அதுவும் அங்கதான்."

"நடக்க ஆரம்பிச்சிடுமே."

"எங்க மணல்ல நடக்கட்டும். வுழுந்தாலும் அடிபடாது."

"பேச ஆரம்பிச்சிடுமே."

"முதல்ல எங்க வூட்டுக்காரரத்தான் கூப்பிடும். சதா வூட்லதான உக்காந்திருக்காரு."

பச்சையம்மாள் புளிசாதத் தட்டைக் கீழே வைத்தாள். தெற்குப் பக்கம், அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சம்பந்தி, அது டென்ஷன் நரை இல்ல."

"இன்னா?"

"எங்க வூட்டுக்காரருக்கு இருவது வயசுல நரைச்சுது. முப்பதுல கொட்டிப் போச்சு. கொட்டினதால யாருக்கும் தெரியல. அவங்க அப்பாவுக்கு மீசை மொளைக்கும்போதே வெள்ளையாத்தான் மொளைச்சுதாம். என் புள்ளைக்கு இருவத்திரண்டுல வந்துச்சு. ரேசர் வாங்கிக் குடுத்ததே நான்தான்."

 வெளியே பந்தலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகையன் தன் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டார்.

"அம்மன் மேல சத்தியம் பண்ணீங்களே," என்றாள் அன்னக்கிளி.

"பண்ணும்போதே மனசுக்குள்ள மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன் சம்பந்தி."

வாசல்படியில் இலையோடு நின்றிருந்த கோவிந்தராசு மெதுவாகத் தலையை உள்ளே நீட்டினார்.

"அப்ப தானா நரைக்கும்ங்குறீங்க. யாரும் ஒண்ணும் பண்ணாமலே."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அன்னக்கிளி.

"இல்ல, கேக்குறேன். இருவத்தஞ்சு வருசமா…"

"உங்க கதை வேற. உங்க கதைக்கு எலியே தேவையில்ல."

கோவிந்தராசு தலையை வெளியே இழுத்துக்கொண்டார். ஆனால் அவர் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டு வாங்கியது உள்ளே கேட்டது.

அன்னக்கிளி சம்பந்தி பக்கம் திரும்பினாள். இப்போது கை கூப்பவில்லை, இடுப்பில் இருந்தது. "பொய் சொல்லிப் பொண்ணு கட்டினீங்க. அப்ப ரெண்டு வருசம் எங்க வூட்லதான். பரிகாரம் இல்ல, இது தண்டனை."

"சம்பந்தி!"

"ரெண்டு வருசம்."

"யம்மா," என்றாள் சரிதா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் நாலு நாள் பேசாமல் இருக்கத் தெரிந்தவள் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"எலிக்கு நரைச்சா எலியோட இருக்கட்டும். என் வூட்டுக்காரருக்கு நரைச்சிருக்குது. நான் பார்த்துக்கறேன். மூணாம் மாசம் கொழந்தையத் தூக்கிக்கினு இங்க வந்துடுவேன். நீ கொண்டாந்து வுடலன்னா பஸ் இருக்குது." பிறகு சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்தாள். "என்னாலதான் நரைச்சுதுன்னு மார்க்கெட்ல யாரு யாரு சொன்னீங்களோ, வரிசையா வாங்க. 'உன்னால இல்ல'ன்னு சொல்லிட்டு வளையல் போடுங்க. சொல்லாதவங்க வளையல் எனக்கு வேணாம்."

 வவ்வால் மீன் கொடுத்தவள் முதலில் எழுந்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு வளையலை ஏற்றினாள். "உன்னால இல்லடி." அடுத்தவள் வந்தாள். "உன்னால இல்லடி தாயி. ஆனா அந்த இறால திருப்பிக் குடுத்துடு." பச்சையம்மாள் வந்து மருமகளின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள். சந்தனக் கிண்ணம் கை மாறியது. சரிதாவின் கன்னத்தில் பூசியவர்கள் போகிறபோக்கில் அய்யப்பனின் தாடியிலும் அப்பிவிட்டுப் போனார்கள். வெள்ளை, கறுப்பு எல்லாம் மஞ்சளாகிவிட்டது.

கடைசியாக அன்னக்கிளி வந்தாள். கையில் இரண்டு பச்சை வளையல். மகளின் எதிரே குந்தி உட்கார்ந்து கையைப் பிடித்தாள். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும்மா."

"இருடி. கை வீங்கிக் கெடக்குது, வளையல் ஏறல." விரல்களைக் குவித்து, சந்தனத்தைத் தடவி, மெல்ல மெல்லத் தள்ளி ஏற்றினாள். ஏறிய பிறகும் கையை விடவில்லை. மகளைப் பார்த்தாள். மருமகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னால நரைக்கல," என்றாள். "இது வரைக்கும் நரைச்சதுக்குத்தான் சொல்றேன். காதோரம் கொஞ்சம் கறுப்பு மீதி இருக்குது. அதுக்கு இப்பவே என்னால சொல்ல முடியாது."

கூடம் முழுக்கச் சிரித்தது. சரிதா வளையல் குலுங்கச் சிரித்தாள். அய்யப்பன் மட்டும் சந்தனம் காய்ந்துகொண்டிருந்த தாடியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றான்.